மாடு தின்ற கட்டும் மருந்தில் கருகிய பயிரும்

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து முதுநிலை வேளாண்மை படிக்கும் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கடிதத்தின் சாரம் இது:

சம்பா நெல்லில் களை மேலாண்மை பற்றிய வயல் சோதனை. ஆறு ட்ரீட்மென்ட் (ஒப்பிட்டுப் பார்க்கும் முறைகள்), நான்கு ரெப்ளிகேஷன் (ஒவ்வொன்றையும் நான்கு முறை போடுவது), ஆர்.பி.டி. முறையில் (நிலத்தை பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆறையும் குலுக்கல் போட்டு வைப்பது; இங்கே ஒரு ரெப்ளிகேஷன் ஒரு பிளாக்) 24 பிளாட். டி1 களையே எடுக்காதது. டி2 இரண்டு முறை கைக்களை. டி3 பரிந்துரைத்த அளவில் களைக்கொல்லி. டி4 அதே களைக்கொல்லியோடு ஒரு கைக்களை. டி5 களைக்கொல்லி இரண்டு மடங்கு. டி6 கோனோ வீடர், அதாவது தள்ளிக்கொண்டு போகும் களைக்கருவி. அறுவடை முடிந்து கட்டுகளைக் களத்தில் அடுக்கி வைத்திருந்த இரவில் ஒரு மாடு அவிழ்த்துக்கொண்டு வந்து, ஓரத்தில் இருந்த கட்டைத் தின்றுவிட்டது. அது மூன்றாவது ரெப்ளிகேஷனின் டி4. மிச்சத்தை அடித்துத் தூற்றி எடை போட்டபோது 4.1 கிலோ வந்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நான்காவது ரெப்ளிகேஷனின் டி5 பிளாட் வெறும் 5.4 கிலோதான் தந்தது. அந்த மூலையில் தண்ணீர் தேங்கும். மருந்து அடித்த பிறகு பயிர் மஞ்சளாகிக் கருகியது. நண்பர் "மீதி மூணோட சராசரியப் போடு" என்கிறார். சீனியர் "மூணாவது ரெப்ளிகேஷனையே தூக்கிடு" என்கிறார். கைடு சூத்திரம் போடச் சொல்லிவிட்டு, "அந்த டி5 பிளாட்டையும் பார்த்துக்கோ, அதையும் மிஸ்ஸிங்னு போட்டா சி.வி. நல்லா வரும்" என்று சொல்லியிருக்கிறார். (சி.வி. என்பது பிழையின் அளவு சராசரியில் எத்தனை சதவீதம் என்பது; குறைந்தால் சோதனை துல்லியம் என்பார்கள்.) "நான் எதைச் செய்தால் தீசிஸ் நிற்கும், ஐயா?" என்று கடிதம் முடிகிறது.

தம்பி, முதலில் ஒரு நல்ல செய்தி. 24இல் ஒன்று போனால் சோதனை செத்துவிடாது. வயல் சோதனை என்ற முறை தோன்றிய காலத்திலிருந்தே பிளாட்டுகள் காணாமல் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் புள்ளியியலாளர் ஃபிஷர் இந்த முறைகளை வகுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தத் தலைவலியும் வந்துவிட்டது. 1930இல் ஆலனும் விஷார்ட்டும் காணாமல் போன ஒரு பிளாட்டின் விளைச்சலை மதிப்பிட வழி சொன்னார்கள். 1933இல் யேட்ஸ் அதைப் பொதுமைப்படுத்தினார். உங்கள் கைடு சொல்லும் சூத்திரம் அந்த வழியில் வந்ததுதான். நான் மாணவனாக இருந்தபோது அதைக் கைப்பிடி சுழற்றும் ஃபேசிட் கணக்கு மெஷினில் போட்டு ஒரு மதியம் முழுக்க வீணடித்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் சூத்திரத்தைவிட முக்கியமான விஷயம் வேறு. உங்களிடம் இரண்டு சின்ன எண்கள் இருக்கின்றன: 4.1, 5.4. முதலாவதை எழுதலாமா என்று தயங்குகிறீர்கள். இரண்டாவதைத் தூக்கிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். 4.1 அட்டவணைக்குள் வரவே கூடாது. 5.4 அட்டவணையை விட்டு வெளியே போகவே கூடாது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுப் பார்ப்பதுதான் இங்கே தவறு.

எப்படிப் போனது என்பதுதான் முதல் கேள்வி

அந்த 4.1 கிலோ, டி4 எவ்வளவு விளைந்தது என்று சொல்லவில்லை. மாடு எவ்வளவு மிச்சம் வைத்தது என்றுதான் சொல்கிறது. கட்டு களத்தின் ஓரத்தில் இருந்ததால் போனது. அதன் விளைச்சலுக்கும் அது காணாமல் போனதற்கும் தொடர்பில்லை. (நல்ல கட்டாகப் பார்த்துத்தான் மாடு தின்றது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது கேட்டால், எந்தக் கட்டு எங்கே இருந்தது என்ற படத்தைக் காட்டுங்கள்.) இப்படித் தற்செயலாகப் போனவற்றை விட்டுவிட்டு, இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டால் முடிவு ஒரு பக்கமாகச் சாயாது. துல்லியம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 1976இல் ரூபின் என்ற புள்ளியியலாளர் இந்த வேறுபாட்டை முறையாக வகுத்தார்: முழுக்கத் தற்செயலாகப் போனது, நம் கையில் இருக்கும் மற்ற தகவல்களால் விளக்கக்கூடிய காரணத்தால் போனது, அந்த மதிப்பே அப்படி இருந்ததால் போனது. மூன்றாவதற்கு எந்தச் சூத்திரமும் மருந்து இல்லை.

டி5 விஷயத்தில் நீங்கள் செய்யப் பார்ப்பது அந்த மூன்றாவது வகையைக் கையாலேயே உண்டாக்குவது. மதிப்பு குறைவாக இருக்கிறது, அதனால் அதை இல்லை என்று சொல்லிவிடலாம் என்கிறீர்கள். அது விடுபட்ட மதிப்பு அல்ல, நீங்கள் விட்ட மதிப்பு.

"தண்ணீர் தேங்கிய மூலை, மருந்தின் தப்பு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பார்ப்போம். நான்காவது பிளாக்கில் மற்ற பிளாட்டுகள் அவ்வளவு மோசமில்லை, டி2 10.8, டி3 10.4, டி6 9.8. இன்னொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதன் எடையை உணராமல்: "மற்ற மூன்று டி5 பிளாட்டிலும் லேசாக மஞ்சள் தெரிந்தது." அப்படியானால் இரட்டை அளவு மருந்து பயிரை எல்லா இடத்திலும் சுட்டிருக்கிறது, வடிகால் இல்லாத இடத்தில் அதிகமாகச் சுட்டிருக்கிறது. இதுதான் உங்கள் சோதனை கண்டுபிடித்த விஷயம். விவசாயியின் வயலிலும் தண்ணீர் தேங்கும் மூலை இருக்கும், தம்பி. அங்கேயும் அவர் இதே டேங்கிலிருந்துதான் மருந்து அடிப்பார்.

எப்போது அந்த பிளாட்டை நியாயமாக விடலாம்? வரப்பு உடைந்து பக்கத்து வாய்க்கால் நீர் அந்த ஒரு பிளாட்டில் மட்டும் புகுந்தது, தவறுதலாக வேறு மருந்து விழுந்தது, எலி ஒரு பக்கம் முழுக்க வெட்டிவிட்டது என்ற மாதிரி, ட்ரீட்மென்ட்டோடு சம்பந்தமில்லாத காரணம் இருந்தால் விடலாம். அந்தக் காரணம் அன்றைக்கே, எடை தெரிவதற்கு முன்பே, வயல் நோட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அங்கே இல்லாத காரணத்தை இப்போது எழுதாதீர்கள்.

ஒரு பிளாட்டில் பயிரே முளைக்காமல் போய், அதற்கும் ட்ரீட்மென்ட்தான் காரணம் என்றால், அதன் விளைச்சல் பூஜ்யம். பூஜ்யமும் ஒரு மதிப்புதான்.

நண்பர் சொன்ன சராசரி ஏன் கூடாது

டி4இன் மிச்ச மூன்று: 11.6, 11.9, 10.2. சராசரி 11.23. பார்ப்பதற்குப் பாவமாகத்தான் இருக்கிறது, போட்டுவிடலாம் போல. ஆனால் உங்கள் மூன்றாவது பிளாக் வாய்க்காலை ஒட்டிய நல்ல மண். டி2 அங்கே 12.6 தந்தது, மற்ற பிளாக்குகளில் 11.3, 10.9, 10.8. டி4 மட்டும் அந்த நல்ல மண்ணில் சாதாரணமாக விளைந்திருக்கும் என்று நினைக்க என்ன காரணம்?

பிளாக்கையும் ட்ரீட்மென்ட்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அந்தப் பழைய சூத்திரம். ட்ரீட்மென்ட் எண்ணிக்கை 6ஐ டி4இன் மிச்சக் கூட்டுத்தொகை 33.7ஆல் பெருக்குங்கள். ரெப்ளிகேஷன் எண்ணிக்கை 4ஐ மூன்றாம் பிளாக்கின் மிச்சக் கூட்டுத்தொகை 53.3ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, கையில் இருக்கும் 23 பிளாட்டின் மொத்தம் 223.9ஐக் கழியுங்கள். வருவதை 5 × 3 = 15ஆல் வகுங்கள்.

(202.2 + 213.2 − 223.9) ÷ 15 = 12.77

சராசரி சொன்ன 11.23 எங்கே, இந்த 12.77 எங்கே. இதன் விளைவைப் பாருங்கள். 11.23 போட்டால் டி4இன் சராசரி 11.23, டி2இன் சராசரி 11.40. கைக்களை முந்திவிடும். 12.77 போட்டால் டி4 11.62, வரிசை மாறிவிடும். எது சரி என்று சந்தேகமா? டி4 இருக்கிற அதே மூன்று பிளாக்குகளில் டி2ஐயும் பாருங்கள்: 11.3, 10.9, 10.8, சராசரி 11.0. நேருக்கு நேர் நின்ற இடங்களில் டி4தான் மேலே. அந்த வித்தியாசம் சி.டி.யைத் (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்லத் தாண்டவேண்டிய எல்லையை) தொடாது, இரண்டும் ஆன் பார், அதாவது சமம் என்றுதான் எழுதுவீர்கள், அது வேறு. ஆனாலும் தப்பான வரிசையை அச்சில் ஏற்றக்கூடாது.

சீனியர் சொன்னதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மூன்றாவது ரெப்ளிகேஷனைத் தூக்கினால் மாடு தின்றது ஒன்று, நீங்கள் தின்பது ஐந்து. பிழைக்கான டி.எஃப். 15லிருந்து 10க்கு இறங்கும். (பிழை என்பது ட்ரீட்மென்ட்டாலும் பிளாக்காலும் விளக்க முடியாத ஏற்ற இறக்கம்; டி.எஃப். என்பது அதை மதிப்பிடக் கையில் மிஞ்சும் தனித்தனித் தகவல்களின் எண்ணிக்கை.) 12க்குக் குறையக்கூடாது என்று நம் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பது நினைவிருக்கும். வேண்டாம்.

12.77 என்பது விளைச்சல் அல்ல

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கணக்கு பழையபடி சமநிலையாக ஓடுவதற்கு வைத்த முட்டு அது. அந்த இடத்தில் பிழை பூஜ்யமாக வரும்படி தேர்ந்தெடுத்த எண் என்பதால் அது புதிதாக ஒரு தகவலும் தருவதில்லை. ஆகவே அதைப் போட்ட பிறகு மூன்று இடங்களில் கணக்கைத் திருத்த வேண்டும்.

ஒன்று, டி.எஃப். மொத்தம் 23 அல்ல, 22. பிழை 15 அல்ல, 14. உங்கள் அட்டவணையைப் போட்டுப் பார்த்தேன். பிழையின் வர்க்கக் கூடுதல் (விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டியது) 11.68. 14ஆல் வகுத்தால் 0.834, மறந்துபோய் 15ஆல் வகுத்தால் 0.779. இல்லாத துல்லியத்தைக் காட்டிக்கொள்வது இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கிறது.

இரண்டு, ட்ரீட்மென்ட்டின் வர்க்கக் கூடுதல் கொஞ்சம் ஊதிப்போகும். 53.3லிருந்து 12.77இன் ஐந்து மடங்கைக் கழித்து, வர்க்கம் எடுத்து, 6 × 5 = 30ஆல் வகுத்தால் 3.70 வரும். ட்ரீட்மென்ட்டின் வர்க்கக் கூடுதலான 93.04லிருந்து இதைக் கழித்து 89.34 என்று எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் இது முடிவை மாற்றாது, எஃப் (ட்ரீட்மென்ட்டின் சராசரி வர்க்கம் பிழையினுடையதைப் போல் எத்தனை மடங்கு என்பது) எப்படியும் 21ஐத் தாண்டுகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் சோதனையில் மாற்றும்.

மூன்று, திட்டப்பிழை, அதாவது ஒரு வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு. டி4ஐ மற்றவற்றோடு ஒப்பிடும்போது ஒரு சி.டி., மற்றவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது வேறு சி.டி. முதலாவதில் வித்தியாசத்தின் திட்டப்பிழை 0.71, இரண்டாவதில் 0.65. ஐந்து சதவீத மட்டத்தில் சி.டி. 1.52, 1.39. அட்டவணையின் அடியில் ஒரே ஒரு சி.டி. போட்டுப் பழகிய கைகளுக்கு இது சிரமமாக இருக்கும். இரண்டையும் போடுங்கள்.

இதெல்லாம் கையால் போடுகிறவர்களுக்கு. கம்ப்யூட்டரில் போடுவதென்றால் எந்த எண்ணையும் நிரப்பாமல் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். ஆர் மென்பொருளில் பிளாக்கை முதலிலும் ட்ரீட்மென்ட்டை அடுத்தும் கொடுத்தால், மேலே சொன்ன 89.34ம் 14ம் தானாகவே வரும். வரிசையை மாற்றிக் கொடுத்தால் வேறு எண் வரும். அது தப்பான கேள்விக்கு வந்த சரியான பதில். சராசரிகளை எடுக்கும்போதும் வெறும் சராசரி வேண்டாம், பிளாக்குக்குச் சரிசெய்த சராசரியைக் கேளுங்கள். டி4க்கு 11.62 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நானும் தப்பில்லை, நீங்களும் தப்பில்லை. எக்செல்லின் ஆயத்த அனோவா (இந்த வர்க்கக் கூடுதல் கணக்கு) காலிக் கட்டத்தைப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். அதைச் சமாதானப்படுத்தத்தான் பலர் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

இன்னொன்று: மாடு தின்றது நெல்லைத்தான். அந்த பிளாட்டின் தூர் எண்ணிக்கை, பயிர் உயரம், களையின் உலர் எடை எல்லாம் அறுவடைக்கு முன்பே எடுத்திருப்பீர்கள். அவற்றை எதற்காகவும் விடாதீர்கள். சதுர மீட்டருக்கு எத்தனை கதிர் என்ற கணக்கு இருந்தால், அந்த பிளாட்டில் மற்ற டி4 பிளாட்டுகளைவிடக் கதிர் அதிகம்தானா என்று பாருங்கள். 12.77ஐ நம்பலாமா என்பதற்கு அது ஒரு சாட்சி.

கைடு சொன்ன சி.வி.

கைடின் குறிப்பை நான் கெட்ட எண்ணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிளாட் மொத்தக் கணக்கையும் கலைக்கிறது என்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அது உண்மைதான். 5.4ஐ விட்டால் பிழையின் சராசரி வர்க்கம் 0.834லிருந்து 0.251க்கு இறங்குகிறது. சி.வி. 9.3 சதவீதத்திலிருந்து 5க்கு வருகிறது. யாருக்கும் ஆசை வரும். ஆனால் கூடவே என்ன ஆகிறது பாருங்கள். 5.4 இருக்கும்போது டி5இன் சராசரி 8.95, டி3இன் சராசரி 10.50, வித்தியாசம் 1.55, சி.டி. 1.39ஐத் தாண்டுகிறது. இரட்டை அளவு விளைச்சலைக் குறைக்கிறது என்று எழுதுவீர்கள். 5.4ஐ விட்டு மதிப்பிட்டால் டி5 9.87 ஆகிவிடும், வித்தியாசம் 0.63. பிழை சுருங்கியதால் சி.டி.யும் சிறுத்திருக்கும், ஆனாலும் 0.63 அதைத் தொடாது. அப்போது "இரட்டை அளவும் பரிந்துரை அளவும் ஆன் பார்" என்று எழுதுவீர்கள். களைக்கொல்லியை இரண்டு மடங்கு அடித்தாலும் பயிருக்கு ஒன்றும் ஆகாது என்ற வாக்கியம் உங்கள் தீசிஸிலிருந்து கிளம்பி எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வயல் சோதனையில் 9.3 சதவீத சி.வி. வெட்கப்படவேண்டிய எண்ணே அல்ல.

அந்த 5.4 மாடு தின்ற பிளாட்டின் மதிப்பீட்டையும் தொடுகிறது. இரண்டையும் விடுபட்டதாக வைத்தால் ஒன்றை ஊகித்து மற்றதைக் கண்டுபிடித்து, திரும்ப முதலாவதைத் திருத்தி, இப்படி இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். அப்போது டி4இன் விடுபட்ட மதிப்பு 12.77 அல்ல, 12.52. ஒரு மூலையில் கைவைத்தால் இன்னொரு மூலை நகர்கிறது. ஆகவே கைடிடம் நான் சொல்லச் சொல்வது இது: "5.4 இருக்கும் பகுப்பாய்வு முதன்மையானதாக இருக்கட்டும் சார். அதை விட்டுப் போட்டதை இணைப்பாகத் தனியே காட்டுகிறேன். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன, ஏன் என்று ஒரு பத்தி எழுதுகிறேன்." பெரும்பாலான கைடுகள் இதற்குத் தலையாட்டுவார்கள். இதில் அவர் சொன்னதையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள். எதையும் மறைக்கவும் இல்லை. அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் ஆலோசனைக் குழுவில் இருக்கும் புள்ளியியல் ஆசிரியரிடம் மூல அட்டவணையோடு போங்கள். புகாராகப் போகாதீர்கள், சந்தேகமாகப் போங்கள்.

தீசிஸில் செய்முறை அத்தியாயத்தில் இப்படி இரண்டு வரி போதும்: "மூன்றாம் ரெப்ளிகேஷனின் டி4 பிளாட்டின் தானிய விளைச்சல், அறுவடைக்குப் பின் களத்தில் கால்நடைச் சேதத்தால் கிடைக்கவில்லை. அது விடுபட்ட மதிப்பாகக் கொள்ளப்பட்டு, பிழையின் டி.எஃப். ஒன்று குறைக்கப்பட்டது; டி4 சார்ந்த ஒப்பீடுகளுக்குத் தனி திட்டப்பிழை பயன்படுத்தப்பட்டது." வைவாவில் தேர்வாளர் இந்த வரியில்தான் நிற்பார், நிற்கட்டும். விடை உங்களிடம் இருக்கும் கேள்வி அது.

அடுத்த பருவத்தில் சோதனையைத் திரும்பப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். போடுங்கள், ஆனால் அதில் வரும் டி4 மூன்றாம் பிளாக் மதிப்பை எடுத்து இந்த வருட ஓட்டையில் அடைக்காதீர்கள். அது வேறு மழை, வேறு வருடம். தனி சோதனையாகவே இருக்கட்டும். கட்டுகளைக் களத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பே வயலிலேயே கட்டின் பச்சை எடையை எழுதிவையுங்கள். அடுத்த முறை மாடு வந்தாலும் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும். லேபிளைச் சாக்குக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று கட்டுங்கள். லேபிள் நனைந்து இரண்டு பிளாட் கலந்துபோன கதைகளும் உண்டு. அதற்கே தனிக் கணக்கு முறை வேண்டியிருந்து, கே. ஆர். நாயர் 1940இல் 'சாங்க்யா' இதழில் எழுதினார்.

அந்த 4.1 கிலோ எழுதிய துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தேதி போட்டு, "மாடு தின்றது போக மிச்சம்" என்று பக்கத்தில் எழுதி, வயல் நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.